சிமிலி முதல் ஸ்டேஷனரி வரை: எல்லையோரப் பிள்ளைகள் கேட்கும் ஆங்கிலக் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு விநோதமான நிலைமை. வகுப்பில் தமிழ், பஸ் போர்டில் மலையாளம், பரீட்சையில் ஆங்கிலம். பாடத்திட்டம் கேரளத்தினுடையது. பொள்ளாச்சியில் வாங்கிவரும் கைடோ தமிழ்நாட்டுப் பாடத்துக்கு எழுதியது. எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் டூ எழுதுகிறவர்களும், வேலை பார்த்துக்கொண்டே கேரள அரசுப் பணிக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குத் தயாராகிறவர்களும் சாயங்கால டியூஷனில் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஸ்பெல்லிங் முக்கியமான இடத்தில் எழுத்தின் பெயரைச் சொல்லிவிடுவேன்.

சிமிலி என்றால் உவமை, மெட்டஃபர் என்றால் உருவகம். இவ்வளவுதானே?

ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் பரீட்சையில் மார்க் போவது அந்த 'ஏறக்குறைய'வில்தான்.

சிமிலியில் 'லைக்' அல்லது 'ஆஸ்' வரும் என்று கைடு சொல்லும். அதைப் பிடித்துக்கொண்டு 'லைக்' கண்ட இடத்திலெல்லாம் சிமிலி என்று எழுதுகிறவர்கள் நிறைய. 'ஐ லைக் டீ' என்பதில் இருக்கும் லைக், பிடிக்கும் என்கிற வினை. 'ஹி வொர்க்ஸ் ஆஸ் எ டிரைவர்' என்றால் அவர் டிரைவராகவே வேலை பார்க்கிறார், டிரைவர் மாதிரி அல்ல. 'தம்பி அண்ணனைப் போல உயரம்' என்பதும் அணி ஆகாது. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டை அளந்து பார்ப்பது வெறும் ஒப்பீடு. வேறு வேறு இனத்துப் பொருள்களை ஏதோ ஒரு பொதுத்தன்மையால் சேர்க்கும்போதுதான் உவமை பிறக்கிறது. வயல் வரப்பில் நிற்கிற கரிம்பனையைப் பார்த்து 'தலைவிரித்து நிற்கிறவள் போல' என்றால் உவமை. பக்கத்துப் பனை போல உயரம் என்றால் உயரக் கணக்கு.

நமக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. உவம உருபு என்றால் என்ன என்று ஏற்கெனவே படித்திருக்கிறோம். போல, புரைய, ஒப்ப, உறழ, மான என்று தொடங்கி நன்னூல் 12 உருபுகளைப் பெயர் சொல்லி அடுக்கி, 'பிறவும்' என்று கதவைத் திறந்தும் வைக்கிறது. ஆங்கிலத்தின் லைக், ஆஸ் இரண்டும் இந்த வேலையைச் செய்பவைதான்.

ஒரு வசதியின்மையும் உண்டு. தமிழில் உருபு மறைந்தாலும் உவமை உவமையாகவே இருக்கும். 'மதிமுகம்' என்றால் மதி போன்ற முகம், உவமைத்தொகை. அதையே திருப்பி 'முகமதி' என்றால் முகமாகிய மதி, உருவகம். தேன்மொழி, மொழித்தேன். மலரடி, அடிமலர். சொல்லின் வரிசை மாறினால் அணியே மாறுகிறது. ஆங்கிலத்தில் இந்த ஏற்பாடு இல்லை. லைக், ஆஸ் போன்ற ஒப்புச்சொல் மறைந்தால் பெரும்பாலும் மெட்டஃபர் என்றே கணக்கு வைப்பார்கள். 'ஹிஸ் வேர்ட்ஸ் வேர் ஹனி' என்று கேட்டால், தேன்மொழி நினைவுக்கு வந்து சிமிலி என்று போட்டுவிடாதீர்கள். அது மெட்டஃபர்.

இன்னொன்று. 'பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்' என்ற குறளில் செயலை உரைகல் ஆக்கிய வள்ளுவர், பெருமையைப் பொன் ஆக்கவில்லை. பாதியை உருவகித்து மீதியை நமக்கு விட்டுவிடுவதால் ஏகதேச உருவகம் என்கிறோம். ஆங்கிலப் பாடத்தில் இதற்குத் தனிப் பெயர் கேட்க மாட்டார்கள். மெட்டஃபர் என்று எழுதினால் போதும்.

பெர்சானிஃபிகேஷனுக்குத் தற்குறிப்பேற்றம் என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. கைடுகளே இரண்டையும் கலந்து விடுகின்றன என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பெர்சானிஃபிகேஷன் என்றால் மனிதனல்லாத ஒன்றுக்கு மனிதக் குணமோ செயலோ தருவது. 'கணவாய்க் காற்று கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டது.' காற்று தட்டுகிறது, கேட்கிறது. முடிந்தது வேலை.

தற்குறிப்பேற்றம் அடுத்த படிக்குப் போகிறது. இயல்பாகவே நடக்கிற ஒரு நிகழ்ச்சியை எடுத்து, அதற்குக் கவிஞன் தன் மனத்தில் இருக்கும் காரணத்தை ஏற்றுகிறான். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று கிழக்கே ஓடுவது இயற்கை. 'மழையில்லாமல் வாடுகிற கொங்கு நாட்டுக்கு ஆறுதல் சொல்லத்தான் காற்று இவ்வளவு அவசரமாக ஓடுகிறது' என்றால் அது தற்குறிப்பேற்றம். செயல் ஏற்கெனவே இருந்தது, காரணம் மட்டும் கவிஞனுடையது.

எல்லாப் பாடப்புத்தகமும் காட்டும் எடுத்துக்காட்டு சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. கொடி என்றால் ஆடத்தான் செய்யும். இளங்கோவோ, 'வராதீர்கள்' என்று அவை கையசைத்து மறித்ததாகப் பாடுகிறார். இங்கே கொடிக்குக் கை வந்துவிட்டதால் பெர்சானிஃபிகேஷனும் உள்ளே இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஒன்று இருக்கும் இடத்திலெல்லாம் மற்றது இருக்க வேண்டும் என்பதில்லை. பெர்சானிஃபிகேஷனுக்குத் தமிழில் ஆளுருவகம் அல்லது மனிதப் பண்பேற்றம் என்று எழுதுங்கள். தண்டியலங்காரம் சொல்லும் 35 பொருளணிகளில் தற்குறிப்பேற்றம் தனி அணியாக இருக்கிறது. பெர்சானிஃபிகேஷன் என்று தனியாக ஒன்று அதில் இல்லை.

மலையாளம் மீடியம் நண்பர்கள் உத்பிரேக்ஷ, ரூபகம் என்கிறார்களே, அது வேறா?

வேறில்லை, பெயர்தான் வடமொழியில் இருக்கிறது. உபம என்பது உவமை, ரூபகம் உருவகம், உத்பிரேக்ஷ தற்குறிப்பேற்றம், அதிசயோக்தி உயர்வு நவிற்சி, சிலேஷம் சிலேடை. தண்டியலங்காரமே தண்டியின் காவியாதரிசம் என்ற வடமொழி நூலைத் தழுவியது என்பதால், இரண்டு பக்கமும் கிணறு ஒன்றுதான். நண்பரின் நோட்டை வாங்கிப் படிக்கத் தயங்க வேண்டாம்.

அலிட்டரேஷன் மோனைதானே? அப்படியானால் எதுகைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

அலிட்டரேஷனுக்கு மோனை கிட்டத்தட்டப் பொருந்தும். இரண்டிலும் முதல் ஒலி ஒன்றி வருகிறது. மோனையில் நமக்குச் சலுகை அதிகம். சகரத்துக்குத் தகரமும், ஞகரத்துக்கு நகரமும், மகரத்துக்கு வகரமும் மோனையாகும். அ, ஆ, ஐ, ஔ தங்களுக்குள் ஒன்றும். ஆங்கிலத்தில் இந்த இன மோனை செல்லாது. அங்கே கேட்பது ஒரே மெய்யொலி. எழுத்தைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. 'சிட்டி' (நகரம்), 'கேட்' (பூனை) இரண்டுமே ஸ்பெல்லிங்கில் சி எழுத்தில் தொடங்கினாலும் ஒலி வேறு என்பதால் அலிட்டரேஷன் இல்லை. 'கேட்', 'கிங்' எழுத்தில் வேறு, ஒலியில் ஒன்று, அதனால் அலிட்டரேஷன் உண்டு. தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தாலே இது பளிச்சென்று தெரிந்துவிடும்.

எதுகைக்கு, அதாவது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதற்கு, ஆங்கிலத்தில் நேர்ப் பெயர் கிடையாது. ரைம் என்பது எதுகை என்று பலர் எழுதுகிறார்கள். அடியின் கடைசியில் ஒலி ஒன்றுவதுதான் ரைம். அதற்கு நம் பெயர் இயைபு.

ஐரனி, சர்க்காஸம், சட்டயர் மூன்றும் கிண்டல்தானே?

மூன்றிலும் கிண்டல் வரலாம், வராமலும் போகலாம். ஐரனி என்பது பெரிய வட்டம். சொல்வதற்கும் பொருளுக்கும், அல்லது எதிர்பார்ப்பதற்கும் நடப்பதற்கும் இடையில் முரண் இருந்தால் ஐரனி. அதில் மூன்று வகை கேட்பார்கள்.

சொல்லில் வருவது வெர்பல் ஐரனி. 'தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்' என்று வள்ளுவர் கயவரைத் தேவருக்கு ஒப்பிடுகிறார். புகழ்ச்சி போல இருக்கிறது. காரணத்தைப் படித்தால், நினைத்ததையெல்லாம் செய்து திரிகிறார்கள், கேட்க ஆளில்லை என்கிறார். பள்ளியில் வஞ்சப்புகழ்ச்சி என்று படித்தது இதுதான்.

நிகழ்ச்சியில் வருவது சிச்சுவேஷனல் ஐரனி. 'மெதுவாகச் செல்லவும்' என்று எழுதி வைத்த பலகைமேலேயே லாரி மோதுகிறது. யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை, நடந்ததே முரண்.

மூன்றாவது டிராமடிக் ஐரனி. வாசகருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாது. இதற்கும் சிலப்பதிகாரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. அரசியின் சிலம்பைத் திருடிய அதே பொற்கொல்லனிடமே கோவலன் தன் கையிலிருக்கும் சிலம்பைக் காட்டி, இதற்கு விலை சொல்ல முடியுமா என்று கேட்கிறான். கள்வன் யார் என்பது நமக்குத் தெரியும். கோவலனுக்குத் தெரியாது. அந்த இடத்தைப் படிக்கும்போது வாயைத் திறந்து அவனைத் தடுக்கத் தோன்றுமே, அந்தத் தவிப்பை உண்டாக்குவதுதான் டிராமடிக் ஐரனியின் வேலை. கொடி கையசைத்து மறித்ததும் இதற்காகத்தான்.

சர்க்காஸம் என்பது ஒருவரைக் குத்துவதற்காகவே சொல்லும் வெர்பல் ஐரனி. பத்து மணி வகுப்புக்குப் பதினொன்றுக்கு வந்தவனிடம் 'ஏன் இவ்வளவு சீக்கிரம்?' என்பது சர்க்காஸம். சட்டயர் ஒரு வரியில் நிற்பதில்லை. சமூகத்தின் குறையையோ அதிகாரத்தில் இருப்பவர்களையோ நையாண்டி செய்யும் முழுப் படைப்புக்கு அந்தப் பெயர். நம் மாவட்டத்துக் கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில் பிறந்த குஞ்சன் நம்பியார் இதற்குப் பேர்போனவர். புராணக் கதையைச் சொல்வதுபோலத் துள்ளல் பாட்டில் தன் காலத்து மனிதர்களையெல்லாம் வாரிவிட்டார்.

ஹைப்பர்போல் என்றால்?

முதலில் உச்சரிப்பு. ஹைபர்பலி என்று சொல்ல வேண்டும். கடைசி 'இ' மௌனமாக இருக்காது. பொருள் உயர்வு நவிற்சிதான். 'கொழிஞ்சாம்பாறை வெயிலில் நின்றால் மூளையே உருகிவிடும்' என்பது போல. இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

மெட்டானிமி, சினெக்டகி இரண்டும் குழப்புகிறது.

ஆகுபெயர் படித்தவருக்குக் குழப்பம் வரக் கூடாது. 'செக்ரட்டேரியட் ஒத்துக்கொள்ளவில்லை' என்றால் கட்டடமா வாய் திறந்தது? அங்கே இருக்கும் அதிகாரிகள். இது இடவாகுபெயர், ஆங்கிலத்தில் மெட்டானிமி. தொடர்புடைய ஒன்றின் பெயர் இன்னொன்றுக்கு ஆகிவருகிறது. 'தலைக்கு நூறு ரூபாய்' என்றால் தலை முழு மனிதனைக் குறிக்கிறது. 'வெற்றிலை நட்டான்' என்றால் இலை கொடியைக் குறிக்கிறது. இது சினையாகுபெயர், ஆங்கிலத்தில் சினெக்டகி. உறுப்பும் முழுமையும் என்ற உறவு இருந்தால் சினெக்டகி, வேறு எந்த உறவானாலும் மெட்டானிமி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகுபெயரில் 16 வகையை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு இந்த இரண்டு ஒரு பாரமா?

ஒனமட்டப்பியா என்றால் இரட்டைக்கிளவி என்று எழுதலாமா?

எல்லா இடத்திலும் முடியாது. சலசல, படபட, கலகல இவை காதால் கேட்பவை, ஒலியையே சொல்லாக்கியவை. இவற்றுக்குப் பொருந்தும். கமகம மூக்குக்கானது, பளபள கண்ணுக்கானது, விறுவிறு வேகத்தைச் சொல்வது. இவையும் இரட்டைக்கிளவிதான், ஆனால் ஒனமட்டப்பியா அல்ல. மறுபக்கம், ஆங்கிலத்தில் 'பஸ்' (தேனீயின் ரீங்காரம்), 'ஹிஸ்' (பாம்பின் சீறல்), 'பேங்' (படார்) என்று ஒற்றையாக வந்தாலே போதும், இரட்டிக்க வேண்டியதில்லை. பாதுகாப்பான விடை ஒலிக்குறிப்புச் சொல்.

ஆக்ஸிமோரானும் பாரடாக்ஸும்?

அடுத்தடுத்த இரண்டு சொல் முட்டிக்கொண்டால் ஆக்ஸிமோரான், 'ஓப்பன் சீக்ரெட்' போல. ஒரு முழுக் கருத்து முரண்போலத் தோன்றி, யோசித்தால் உண்மையாக இருந்தால் பாரடாக்ஸ், 'அவசரமாகப் போனால் தாமதமாகும்' போல.

யூஃபமிசத்துக்கு மங்கலமா, இடக்கரடக்கலா?

இரண்டும்தான். இறந்தவரை 'காலமானார்' என்பது மங்கலம். 'கால் கழுவி வந்தான்' என்பது இடக்கரடக்கல். ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரில் அடைக்கிறது. 'பாஸ்ட் அவே' வந்தாலும் 'வாஷ்ரூம்' வந்தாலும் யூஃபமிசம்.

அபாஸ்ட்ரஃபி என்பது மேலே போடும் குறிதானே? அதை ஏன் ஃபிகர் ஆஃப் ஸ்பீச் பட்டியலில் போட்டிருக்கிறார்கள்?

ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று நீங்கள் சொல்லும் குறி. மற்றது எதிரில் இல்லாதவரையோ பதில் சொல்ல முடியாததையோ விளித்துப் பேசுவது. 'ஓ டெத்', 'ஓ விண்ட்' என்று கவிதையில் வரும். 'நிலாவே வா' என்றாலும் அதுதான்.

சித்தூர் தெக்கே கிராமத்தில் ஆற்றங்கரைக் குருமடத்தைப் பார்த்திருப்பீர்கள். துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் இருந்த இடம். அவருடைய இராமாயணக் கிளிப்பாட்டு கிளியைக் கூப்பிட்டுக் கதை சொல்லச் சொல்வதில்தான் தொடங்குகிறது. கூப்பிடும் வரைக்கும் அது அபாஸ்ட்ரஃபி மாதிரி. கிளி வாயைத் திறந்து கதை சொல்லத் தொடங்கியதும் அது பெர்சானிஃபிகேஷன் பக்கம் போய்விடுகிறது. ஒரே அணி முழுப் பாட்டுக்கும் பொருந்த வேண்டும் என்று நினைக்காதீர்கள். வரி வரியாகப் பாருங்கள்.

குறியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குறி போட்ட 'இட்ஸ்' என்றால் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்'. குறி இல்லாத 'இட்ஸ்' என்றால் 'அதனுடைய'. சந்தேகம் வந்தால் 'இட் இஸ்', 'இட் ஹாஸ்' இரண்டையும் விரித்துப் படியுங்கள். ஒன்றாவது பொருந்தினால் குறி போடுங்கள்.

அல்யூஷன், இல்யூஷன், டெல்யூஷன்?

இதில் முதலாவது மட்டும் இலக்கிய உத்தி. ஊரறிந்த கதையையோ ஆளையோ பெயரளவில் தொட்டுச் செல்வது. 'அவன் வீட்டுக்கு ஒரு சகுனி' என்றால் மகாபாரதம் முழுவதும் உள்ளே வந்துவிடுகிறது. இல்யூஷன் கண்மயக்கம், தார்ரோட்டில் வெயிலில் தண்ணீர் தெரிவது போல. டெல்யூஷன் மனத்தில் ஊன்றிப்போன பொய் நம்பிக்கை. இல்யூஷனில் இருப்பவர் கிட்டப் போனதும் தெளிவார். டெல்யூஷனில் இருப்பவரிடம் எடுத்துச் சொன்னாலும் ஏறாது.

ஆங்கிலச் சொற்கள் நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு குழம்புகின்றன?

நமக்கு மட்டுமல்ல, ஆங்கிலேயருக்கும் குழம்புகின்றன. ஆனால் அவர்களுக்கு இல்லாத ஒரு குழப்பம் நமக்கு உண்டு, அது எழுத்திலிருந்து வருகிறது. தமிழில் 'கோட்' என்று எழுதினால் அது ஆடா, மேல்சட்டையா? 'கோல்ட்' தங்கமா, ஜலதோஷமா? 'டவுன்' ஊரா, கீழேயா? 'பேக்' பையா, முதுகா? க, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் வல்லொலியும் மெல்லொலியும் நம் வாயில் இருக்கின்றன. எழுத்து ஒன்றுதான். தமிழுக்கு அது போதும், ஏனென்றால் இடம் பார்த்து ஒலி தானாக மாறிக்கொள்ளும். ஆங்கிலத்தை அப்படி எழுதி மனப்பாடம் செய்தால் ஆடும் சட்டையும் ஒன்றாகிவிடும்.

எல்லையில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மருந்து கையிலேயே இருக்கிறது. பஸ் போர்டைப் படித்துப் படித்து மலையாள எழுத்து பழகியிருக்கும். அதில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. உச்சரிப்பைக் குறித்துவைக்க வேண்டுமென்றால் நோட்டின் ஓரத்தில் மலையாளத்தில் எழுதுங்கள். என் மாணவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள். கோயம்புத்தூர்ப் பிள்ளைகளுக்கு இந்த வசதி கிடையாது.

மலையாளமும் கைவிடும் ஓர் இடம் எஸ், இசட் வேறுபாடு. 'பிரைஸ்' விலையா, பரிசா? விலை என்றால் சி எழுத்து, வாயில் எஸ் ஒலி. பரிசு என்றால் இசட். 'லூஸ்' என்பதைச் சட்டை தொளதொள என்பதற்கும், கொஞ்சம் கோளாறான ஆளுக்கும் வீட்டிலேயே பயன்படுத்துகிறோம். அது இரண்டு 'ஓ' போட்டு எழுதுவது, எஸ் ஒலி. தொலைப்பதும் தோற்பதும் ஒரே 'ஓ', ஒலியில் இசட். 'பீஸ்' இன்னும் மோசம். சமாதானம், துண்டு இரண்டும் ஆங்கிலத்திலேயே ஒரே ஒலி. போதாதென்று டியூஷன் பணத்தையும் நாம் பீஸ் என்றே சொல்கிறோம். இந்த வகைச் சொற்களைத் தமிழிலோ மலையாளத்திலோ எழுதிப் படிப்பது வீண். ஆங்கில எழுத்தோடு ஒரு வாக்கியமாகவே படிக்க வேண்டும்.

அட்வைஸ் எஸ்ஸா, சியா?

அறிவுரை என்ற பெயர்ச்சொல் சி. அறிவுரை சொல் என்ற வினை எஸ், ஒலியில் இசட். பெயர்ச்சொல்லுக்குப் பன்மை கிடையாது. நிறைய அறிவுரை கொடுத்தாலும் 'அட்வைஸஸ்' ஆகாது.

அஃபெக்ட், எஃபெக்ட்?

பத்துக்கு ஒன்பது தடவை, ஏ-யில் தொடங்குவது வினை, பாதிப்பது. இ-யில் தொடங்குவது பெயர், விளைவு. மழை பயிரை 'அஃபெக்ட்' செய்தது, அதன் 'எஃபெக்ட்' விலையில் தெரிந்தது. மிச்சமுள்ள ஒரு தடவை, இ-யில் தொடங்குவதும் வினையாக வந்து 'நடத்திக்காட்டு, கொண்டுவா' என்று பொருள்படும். 'எஃபெக்ட் எ சேஞ்ச்' என்றால் மாற்றத்தைக் கொண்டுவருவது. பி.எஸ்.சி. மாதிரிப் போட்டித் தேர்வுகளுக்கு இந்த ஒன்றையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ரைஸ் - ரெய்ஸ், லை - லே இவற்றை எப்படிப் படித்தாலும் மறந்துபோகிறது.

ஆங்கில இலக்கண வழியாகப் படிப்பதால்தான். தமிழில் இது அன்றாடம் செய்கிற காரியம். உயர், உயர்த்து. எழு, எழுப்பு. கிட, கிடத்து. முதலாவது தானே நடப்பது, இரண்டாவது இன்னொன்றை நடத்துவது.

ரைஸ் என்றால் உயர். விலை உயர்ந்தது, சூரியன் எழுந்தது. பின்னால் செயப்படுபொருள் வராது. ரெய்ஸ் என்றால் உயர்த்து. கையை உயர்த்தினான், வாடகையை உயர்த்தினார். எதை என்ற கேள்விக்கு விடை இருக்கும். ரைஸ், ரோஸ், ரிஸன் என்று ஒன்று போகும். மற்றது ரெய்ஸ்ட் என்று இறந்தகாலத்துக்கு வெறும் ஈடி எடுத்துக்கொள்ளும்.

லை என்றால் கிட, படு. லே என்றால் கிடத்து, வை. இதுவரை சிக்கலில்லை. சிக்கல், கிட என்பதன் இறந்தகாலமும் 'லே' என்பதில்தான். லை, லே, லெய்ன். வை என்பதோ லே, லெய்ட், லெய்ட். ஆக 'லே' என்ற சொல்லைப் பார்த்ததும் எதை என்று கேளுங்கள். விடை இருந்தால் 'வை', இல்லாவிட்டால் 'கிடந்தான்'. நேற்று முழுக்கப் படுக்கையில் கிடந்தான் என்பதற்கு 'ஹி லே இன் பெட்'. புத்தகத்தை மேசைமேல் வைத்தான் என்பதற்கு 'ஹி லெய்ட் த புக் ஆன் த டேபிள்'. பொய் சொல்கிற 'லை' தனிச் சொல். அதன் இறந்தகாலம் ஈடி-தான், அதோடு இதைச் சேர்க்காதீர்கள்.

பாரோ, லெண்ட்?

கடன் வாங்கு, கடன் கொடு. அவ்வளவே. அதே இனத்தில் 'ராப்', 'ஸ்டீல்' கேட்பார்கள். ஆளையோ பேங்கையோ ராப் செய்வார்கள், நகையையும் பணத்தையும் ஸ்டீல் செய்வார்கள்.

ஸ்டேஷனரி கடை போர்டில் பார்த்தபடி எழுதினேன், தப்பு என்கிறார்களே?

போர்டு தப்பாக இருந்திருக்கும். இரண்டு மாநிலத்திலும், கடைக்குக் கடை, கடைசி இரண்டு எழுத்துக்கு முன்னால் 'ஏ' போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அதன்படி அது 'அசையாமல் நிற்கும் கடை'. பேப்பர், பேனா விற்பதற்கு 'இ' வேண்டும். இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்களின் பக்கத்தில் அலைந்து விற்காமல் ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவரை 'ஸ்டேஷனர்' என்றார்கள். அவர் விற்ற சரக்கு ஸ்டேஷனரி. ஆக அந்த போர்டுக்காரர் வரலாற்றின்படி தப்பில்லை. பரீட்சையில் தப்பு.

'பிரின்சிபல்' முடிவில் பி-ஏ-எல் என்றால் தலைமையானது, கல்லூரி முதல்வர், கடனில் அசல். பி-எல்-இ என்றால் கொள்கை, தத்துவம். முதல்வருக்குக் கொள்கை இருக்கலாம், ஸ்பெல்லிங்கில் கிடையாது. 'காம்ப்ளிமென்ட்' நடுவில் 'ஐ' என்றால் பாராட்டு, 'இ' என்றால் நிறைவு செய்வது, 'கம்ப்ளீட்' என்பதன் உறவு.

'ஹிஸ்டாரிக்', 'ஹிஸ்டாரிக்கல்' மாதிரி வால் மட்டும் மாறுபவை?

ஹிஸ்டாரிக் வரலாற்றில் இடம்பிடித்தது, ஹிஸ்டாரிக்கல் வரலாறு தொடர்பானது. எகனாமிக் பொருளாதாரம் சார்ந்தது, எகனாமிக்கல் சிக்கனமானது. பிசைட் பக்கத்தில், பிசைட்ஸ் அதோடுகூட. இவற்றில் தத்துவம் ஒன்றும் இல்லை, வாக்கியம் எழுதிப் பழகுங்கள்.

ப்ராக்டிஸ், லைசென்ஸ் சியா எஸ்ஸா? ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொன்று இருக்கிறதே?

இரண்டு ஊர் வழக்கு. பிரிட்டிஷ் முறையில் பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ், அட்வைஸ் போலவே. அமெரிக்கர்கள் ப்ராக்டிஸ் இரண்டுக்கும் சி, லைசென்ஸ் இரண்டுக்கும் எஸ் போடுகிறார்கள். நம் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் பிரிட்டிஷ் முறையே வழக்கம், அதனால் பரீட்சையில் அதையே எழுதுங்கள். உங்கள் போன் அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்டிருந்தால் சரியாக எழுதியதன் அடியிலும் சிவப்புக்கோடு போடும். கீபோர்டு மொழியை ஆங்கிலம் (இந்தியா) என்று மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எஸ்.சி. தேர்வில் இப்படி இரண்டு விடையும் சரியாகத் தோன்றும் கேள்வி வந்து, நீங்கள் போட்டது தவறு என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். தேர்வு முடிந்ததும் முதலில் தற்காலிக விடைக்குறிப்பைத்தான் வெளியிடுவார்கள். ஆட்சேபம் இருந்தால் உங்கள் புரொஃபைல் வழியாகவே, அதற்குக் கொடுத்திருக்கும் நாளுக்குள் பதிவு செய்யலாம். அகராதியில் அந்தச் சொல் இருக்கும் பக்கத்தை ஆதாரமாகக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.